தம்பி போலீஸ் பைக் க்ளப்பில் சேரப் போகிறார், பயப்பட வேண்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி டெக்சஸில் ப்ரொபேஷன் ஆபீசர், அதாவது நன்னடத்தை அலுவலர். புதிதாக ஒரு ஹார்லி வாங்கியிருக்கிறார். காவல், சிறை, நீதிமன்றத் துறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கென்றே இருக்கும் ஒரு மோட்டார்சைக்கிள் க்ளப்பில் சேரும்படி நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். அவர் அனுப்பிய போட்டோவில் எல்லோரும் கையில்லாத கருப்புத் தோல் அங்கியில், முதுகில் மண்டை ஓட்டோடு நிற்கிறார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு நிம்மதியில்லாமல் இருக்கிறார். "இது போலீஸ் சங்கமா, ரவுடிக் கும்பலா?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதில் இருக்கும் கேள்வி, இதில் சேர்ந்தால் தம்பியின் உயிருக்கோ வேலைக்கோ ஏதாவது வந்துவிடுமா என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் பரோல் துறையில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பைக் ஓட்டுவேன். இப்படிப்பட்ட க்ளப்காரர்களோடு கூடவே சவாரி போயிருக்கிறேன், ஆனால் எதிலும் முழு உறுப்பினராகச் சேர்ந்ததில்லை. நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் தம்பியின் அலுவலக விதிகளையும் நான் பார்த்ததில்லை. எனவே சட்டம் பற்றி நான் சொல்வதை அவர் தன் மேலதிகாரியிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளட்டும்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். இவை ரவுடிக் கும்பல்கள் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இந்த வகையில் மிகப் பழையதும் பெரியதுமான ஒன்று ப்ளூ நைட்ஸ். 1974-இல் மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில் பைக் ஓட்டும் சில போலீஸ்காரர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் குடும்பத்தோடு கலந்துகொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு இடத்தில் கூடி நூறு மைல் ஓட்டிவிட்டு, எங்காவது சாப்பிட்டு வீடு திரும்புவதுதான் பெரும்பாலான கிளைகளின் வழக்கம். கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளுக்குப் பொம்மை சேர்ப்பது, பணியில் இறந்த காவலரின் சவ ஊர்வலத்தில் பைக்கில் முன்னே போவது, அந்தக் குடும்பத்துக்கு நிதி திரட்டுவது எல்லாம் அப்புறம் வரும். தீயணைப்புத் துறையினருக்கும் இதே மாதிரி ரெட் நைட்ஸ் என்று ஒன்று 1982-இல் மாசசூசெட்ஸில் தொடங்கியது. பாதிப் பேருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். முழங்கால் வலியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

அப்படியானால் அந்தக் கோலம் எதற்கு? இதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் பலர் பைக் வாங்கிக் க்ளப் க்ளப்பாகச் சேர்ந்தார்கள். 1947 ஜூலையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சின்ன ஊரில் நடந்த பைக் பந்தயத்துக்கு எதிர்பாராத கூட்டம் வந்து, குடியும் கலாட்டாவுமாகி, பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின. அதன் பிறகு அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம், "பைக் ஓட்டுபவர்களில் தொண்ணூற்றொன்பது சதவீதம் பேர் ஒழுங்கானவர்கள்" என்று அறிக்கை விட்டதாக ஒரு கதை உண்டு. இது எல்லோரும் சொல்லும் கதைதானே தவிர, அப்படி ஒரு அறிக்கை விட்டதற்குத் தங்களிடம் எந்தப் பதிவும் இல்லை என்று அந்தச் சங்கமே சொல்லிவிட்டது. ஆனால் அந்த மீதி ஒரு சதவீதம் நாங்கள்தான் என்று சில க்ளப்கள் பெருமையாக "1%" என்று தைத்துக்கொண்டன. அது கதையில்லை, இன்றும் பார்க்கலாம். 1948-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸும் 1966-இல் டெக்சஸில் தொடங்கிய பண்டிடோஸும் அந்த வகை. அரசுத் தரப்பு இவற்றைக் குற்றக் கும்பல்கள் என்கிறது. அவர்கள், நாங்கள் பைக் க்ளப், எங்கள் ஆட்கள் சிலர் தப்பு செய்திருக்கலாம், அவ்வளவுதான் என்கிறார்கள்.

இப்போது அந்த அங்கியைக் கிட்டத்தில் பார்ப்போம். அதை 'கட்' என்பார்கள். தோலிலோ ஜீன்ஸ் துணியிலோ தைத்த கையில்லாத மேலங்கி. முன்பக்கம் சின்னச் சின்னப் பட்டைகள்: பெயர், க்ளப்பில் வகிக்கும் பொறுப்பு, இறந்துபோன நண்பரின் நினைவாக ஒன்று. விஷயம் இருப்பது முதுகில். மேலே வில் மாதிரி வளைந்த ஒரு பட்டையில் க்ளப்பின் பெயர். நடுவில் சின்னம். கீழே இன்னொரு வளைந்த பட்டையில் ஒரு மாநிலத்தின் பெயர் அல்லது ஊரின் பெயர். ஓரத்தில் மோட்டார்சைக்கிள் க்ளப் என்பதன் சுருக்கமாக 'எம்சி' என்று ஒரு சின்னச் சதுரம். பெயர், சின்னம், கீழ்ப்பட்டை மூன்றும் தனித்தனித் துண்டாக இருந்தால் அதற்கு 'த்ரீ பீஸ் பேட்ச்' என்று பெயர். சாலையில் போகும் மற்றவர்களுக்கு அது வெறும் அலங்காரம். அந்த உலகத்தில் இருப்பவர்களுக்குக் கீழே இருக்கும் அந்த மாநிலப் பெயர் ஒரு உரிமைக் கோரல்: இது எங்கள் பகுதி. எந்த மாநிலத்தில் எந்த ஒரு சதவீத க்ளப் பெரிய கையோ, அதன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அந்தப் பட்டையைப் போடக் கூடாது என்பது அங்கே எழுதாத விதி.

போலீஸ் க்ளப்களும் இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகின்றன. ப்ளூ நைட்ஸ் போன்றவர்கள் ஒரே துண்டாகத் தைத்த சின்னத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். யாருடைய பகுதி என்ற பேச்சே அங்கே கிடையாது. அதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. 1990-களுக்குப் பிறகு வந்த சில க்ளப்கள் வேறு மாதிரி. த்ரீ பீஸ் பேட்ச், மாநிலப் பட்டை, புதியவரை மாதக்கணக்கில் எடுபிடி வேலை வாங்கும் 'ப்ராஸ்பெக்ட்' முறை, க்ளப்பின் ஒழுங்கைக் கவனிக்கும் 'சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ்' என்ற பதவி என்று எல்லாவற்றையும் ஒரு சதவீதக்காரர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். "குற்றவாளிகளிடம் போய் அனுமதி கேட்கப் போலீஸ்காரன் என்ன அவர்களுக்கு அடிமையா?" என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் வாழ்நாள் முழுக்க யாரை எதிர்த்து வேலை பார்க்கிறோமோ அவர்களுடைய உடையையே லீவு நாளில் போட்டுக்கொள்ள ஏன் இவ்வளவு ஆசை என்ற கேள்விக்கு எனக்கு இதுவரை யாரும் திருப்தியான பதில் சொன்னதில்லை.

பயப்படுவதற்கு ஆதாரம் உண்டா என்றால், உண்டு. 2008 ஆகஸ்டில் தெற்கு டகோடாவின் ஸ்டர்ஜிஸ் நகரத்தில், வருடா வருடம் லட்சக்கணக்கான பைக்குகள் கூடும் திருவிழாவின்போது, ஒரு மதுக்கூடத்தில் அயர்ன் பிக்ஸ் என்ற க்ளப்காரர்களுக்கும் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்காரர்களுக்கும் சண்டை வந்தது. அயர்ன் பிக்ஸ் என்பது போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் சேர்ந்த க்ளப். விடுமுறையில் வந்திருந்த சியாட்டில் துப்பறிவாளர் ஒருவர் சுட, ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆள் ஒருவர் காயமடைந்தார். சுட்டவர் மீதும் உடனிருந்த சக அதிகாரிகள் மீதும் வழக்குப் போட்டார்கள். ஒரு பின்னிரவுச் சண்டை, நாடு முழுக்கச் செய்தியானது.

2016 ஜனவரியில் டென்வரில் நடந்த மோட்டார்சைக்கிள் கண்காட்சி உங்கள் தம்பியின் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே மாங்கல்ஸ் க்ளப்புக்கும் அயர்ன் ஆர்டர் க்ளப்புக்கும் மோதல். அயர்ன் ஆர்டர் போலீஸுக்கு மட்டுமான க்ளப் இல்லை, ஆனால் சட்டத் துறை ஆட்கள் அதில் நிறையப் பேர் உண்டு. மாங்கல்ஸைச் சேர்ந்த ஒருவர் சுடப்பட்டு இறந்தார், வேறு சிலர் காயமடைந்தார்கள். சுட்டவர் கொலராடோ மாநிலச் சிறைத் துறை ஊழியர். தற்காப்பு என்ற அடிப்படையில் அவர் மீது அரசுத் தரப்பு வழக்குத் தொடரவில்லை. சட்டப்படி அவர் தப்பினார் என்றாலும், கண்காட்சி பார்க்கப் போன ஒரு மனிதர் ஒரு சாவைச் சுமந்துகொண்டு திரும்பினார்.

டெக்சஸ் என்றால் வேக்கோ நகரத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2015 மே 17 அன்று அங்கே ஒரு உணவகத்தில் பைக் க்ளப்களின் கூட்டமைப்பு கூடுவதாக இருந்தது. காஸக்ஸ் என்ற க்ளப் பண்டிடோஸின் சம்மதம் இல்லாமல் 'டெக்சஸ்' என்ற கீழ்ப்பட்டையைப் போட்டுக்கொண்டதுதான் அவர்களுக்குள் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்த விவகாரம். ஒன்பது பேர் செத்தார்கள். வெளியே காவலுக்கு நின்ற போலீஸும் சுட்டது, அந்தக் குண்டுகளும் சிலர் மீது பாய்ந்தன. 177 பேரை மொத்தமாகக் கைது செய்தார்கள். நான்கு வருடம் இழுத்து, 2019-இல் மிச்சமிருந்த வழக்குகளையும் கைவிட்டார்கள், ஒருவருக்கும் தண்டனை இல்லை. கைதானவர்களில் சான் அந்தோனியோ காவல் துறையில் துப்பறிவாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் உண்டு. அன்று மாட்டியது போலீஸ் க்ளப் இல்லை. அப்படியும் இதைச் சொல்வதற்குக் காரணம், ஒரு துணிப்பட்டைக்கு டெக்சஸில் என்ன விலை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். தம்பியின் க்ளப் அங்கியில் கீழே 'டெக்சஸ்' என்று இருக்கிறதா என்று அந்தப் போட்டோவை மறுபடி எடுத்துப் பாருங்கள். மண்டை ஓடு எனக்குப் பெரிய விஷயமில்லை. அதைப் போலீஸ்காரர்கள் காபிக் கோப்பையில்கூடப் போட்டுக்கொள்கிறார்கள்.

சரி, இப்படியெல்லாம் அடிக்கடி நடக்கிறதா? இல்லை. செய்தியாகும் அளவுக்குப் போலீஸ் க்ளப் சம்பந்தப்பட்ட மோதல்கள் அபூர்வம். அதனால்தான் பல வருடத்துக்கு முந்திய சம்பவங்களை நான் தேடிச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அனுபவத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் முறைப்பு, ஒரு மதுக்கூடத்தில் "இந்தப் பட்டையை யாரைக் கேட்டுப் போட்டாய்?" என்ற விசாரிப்பு, இதற்கு மேல் போனதில்லை. அந்த இடத்தில் புத்தியுள்ளவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். வீம்புக்கு உட்கார்ந்திருப்பவரால்தான் பிரச்சினை. ஒரு வேடிக்கையும் உண்டு: முதுகில் பேட்ச் போட்டவரைக் கண்டாலே நிறுத்தி விசாரிக்கும் பழக்கம் போலீஸுக்கு இருப்பதால், போலீஸ் க்ளப்காரரையே ரோந்துப் போலீஸ் ஓரங்கட்டுவது நடக்கும். பைக் ஓட்டுபவர்கள் என்பதற்காகவே நிறுத்தக் கூடாது என்று வாஷிங்டன் மாநிலம் 2011-இல் சட்டமே போட்டது.

உயிர் பற்றிய பயம் என்றால் அதை வேறு இடத்தில் வைக்கச் சொல்வேன். அமெரிக்கச் சாலைகளில் சமீப வருடங்களில் வருடத்துக்கு 6,000-க்கு மேற்பட்ட பைக் ஓட்டிகள் சாகிறார்கள். ஓடும் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், காரில் போகிறவரைவிடப் பைக்கில் போகிறவர் இறக்கும் வாய்ப்பு இருபது மடங்குக்கு மேல் என்று அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பே சொல்கிறது. 2020 ஜூலையில் டெக்சஸின் கெர்வில் அருகே தின் ப்ளூ லைன் என்ற போலீஸ் க்ளப்பைச் சேர்ந்தவர்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து மோதியது, மூன்று பேர் இறந்தார்கள். கார் ஓட்டியவர் மீது குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு. அங்கே எதிரிக் கும்பலும் இல்லை, பட்டைச் சண்டையும் இல்லை.

அதனால் தம்பியிடம் க்ளப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன், கூட்டமாக ஓட்டத் தெரியுமா என்று கேளுங்கள். தனியாக ஓட்டுவதும் பதினைந்து பேரோடு ஓட்டுவதும் ஒன்றில்லை. நல்ல க்ளப்பில் கிளம்பும் முன்பே 'ரோடு கேப்டன்' எல்லோரையும் நிறுத்தி வழியைச் சொல்வார். முதல் பைக் தடத்தின் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறி வரிசை. நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி. வளைவு வந்தால் ஒற்றை வரிசை. சாலையில் குழி இருந்தால் முன்னால் போகிறவர் அந்தப் பக்கத்துக் காலை நீட்டிக் காட்டுவார், அது ஒவ்வொருவராகப் பின்னால் கடந்து வரும். எல்லோரிலும் சின்ன டேங்க் யாருடையதோ அவருக்கேற்ற தூரத்தில்தான் பெட்ரோல் போட நிற்பார்கள். அனுபவம் குறைந்தவரை முன்வரிசைக்குப் பக்கத்தில் விடுவார்கள். கடைசியில் விட்டால், முன்னால் இருப்பவர்கள் வேகத்தைச் சிறிது கூட்டினாலும் அவர் பறந்து பிடிக்க வேண்டியிருக்கும், புதியவர்கள் விழுவது பெரும்பாலும் அப்படி எட்டிப் பிடிக்கப் போய்த்தான். ஐந்து முதல் ஏழு பைக்குகள் கொண்ட சின்னக் குழுக்களாகப் பிரித்து அனுப்புகிறார்கள் என்றால் அந்த க்ளப்பில் விவரமானவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து வேலை. போலீஸ் அல்லது சிறைத் துறை ஊழியர் எந்த க்ளப்பில் சேரலாம் என்பது முழுக்க அவர் சொந்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் சிறைத் துறை ஊழியர்கள் சிலர் அவுட்லாஸ் என்ற ஒரு சதவீத க்ளப்போடு சேர்ந்திருந்ததற்காகத் துறை நடவடிக்கை எடுத்தது. சங்கம் சேரும் உரிமை பறிபோகிறது என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2007-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் துறையின் பக்கம்தான் நின்றது. உங்கள் தம்பி சேரப் போவது அந்த மாதிரி க்ளப் இல்லை, சட்டத் துறை ஆட்களின் க்ளப் என்பதற்காக யாரும் அவரை வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். ஆனால் க்ளப் எங்கே போகிறது, யாரோடு உட்காருகிறது என்பதில் சிக்கல் வரலாம்.

நன்னடத்தை அலுவலர் என்பதால் இது அவருக்குக் காவலரைவிட அதிகம். அவர் மேற்பார்வையில் இருப்பவர்களில் பைக் க்ளப்காரர்கள் இருக்கலாம். "குற்றக் கும்பல் ஆட்களோடு சேரக் கூடாது" என்ற நிபந்தனையை அவர்களுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குபவரே இவர்தான். அப்புறம் சனிக்கிழமை ஒரு பொது விழாவில் அதே ஆட்கள் நிற்கும் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இவர் பேட்ச் போட்டுக்கொண்டு நின்றால், திங்கட்கிழமை எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்குக் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிடும். அவர் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார், ஆனாலும் கூண்டில் நின்று விளக்க வேண்டும். சேருவதற்கு முன்பே மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாக "பரவாயில்லப்பா, சேரு" என்று சொன்ன அதிகாரி இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்.

துப்பாக்கி விஷயத்திலும் அவர் கவனமாக இருக்க வேண்டும். தகுதியுள்ள காவல் அதிகாரிகள் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று 2004-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அதற்குச் சட்டப்படி கைது செய்யும் அதிகாரம் இருக்க வேண்டும். குடித்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. நன்னடத்தை அலுவலர்களுக்கு அந்தத் தகுதி உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். க்ளப் நண்பர்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று இவரும் இடுப்பில் செருகிக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டினால், அவர்களுக்குச் சட்டப்படியானது இவருக்குக் குற்றமாகலாம். இதே கைது அதிகாரத்தைத்தான் ப்ளூ நைட்ஸும் உறுப்பினர் தகுதியாக வைத்திருக்கிறது. அதனால்தான் நன்னடத்தை, நீதிமன்ற, அவசர அழைப்பு ஊழியர்கள் பலரும் இன்னும் விரிவாக ஆட்களைச் சேர்க்கும் வேறு க்ளப்களைத் தேடிப் போகிறார்கள். உங்கள் தம்பிக்கு வந்த அழைப்பும் அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கும் என்பது என் ஊகம்.

கடைசியாக வீட்டுச் சமாதானம். ப்ராஸ்பெக்ட் முறை உள்ள க்ளப் என்றால் முதல் ஆறு மாதம், ஒரு வருடம் வரை வார இறுதிகள் அவருடையதாக இருக்காது. கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, பைக்குகளுக்குக் காவல் நிற்பது, கூப்பிட்ட நேரத்துக்குப் போவது என்று ஓடும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதுதான் முதல் சண்டையாகும், அம்மாவின் பயமெல்லாம் அதற்கு அப்புறம்தான். அவர் மனைவிக்கு இது தெரியுமா என்று மெதுவாக விசாரியுங்கள்.

அவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை: க்ளப்பின் விதிப் புத்தகத்தைச் சேருவதற்கு முன் படிக்கக் கொடுப்பார்களா? மாநிலப் பட்டை உண்டா? ஒரு சதவீத க்ளப்கள் வரும் விழாக்களுக்குப் போவார்களா? சவாரியின் நடுவே குடிக்க அனுமதி உண்டா? அறக்கட்டளை என்று பணம் வாங்கினால் வருமான வரித் துறையில் பதிவு இருக்கிறதா? விலகினால் பேட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நட்பாகப் போய்விடலாமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த க்ளப் வேண்டாம். குடிப்பது பற்றிய கேள்விக்குச் சிரிப்பு பதிலாக வந்தாலும் வேண்டாம். மற்றவற்றுக்கு ஒழுங்கான பதில் வந்தால் தடுக்காதீர்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் பார்த்ததையெல்லாம் வீட்டில் சொல்ல மாட்டார்கள், அதே வேலையில் இருக்கும் நாலு பேர் அவருக்குக் கிடைப்பது நல்லதுதான். டெக்சஸில் 21 வயது நிரம்பியவர் பயிற்சியோ மருத்துவக் காப்பீடோ வைத்திருந்தால் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம் என்று சட்டம் இருக்கிறது. க்ளப்பில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுவார்கள். அம்மாவின் பெயரைச் சொல்லி ஒன்றே ஒன்றைக் கேட்பதானால், முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள்.